காலை ஆகாரமும் நார்ச்சத்தும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் வைத்தியனல்லேன், சரக்கு ஆபீஸ் குமாஸ்தா. மேலே ஒட்டிய சீட்டை நம்பி மட்டும் சரக்கை ஏற்கலாகாது, நிறுத்தும் பார்க்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அப்பாடத்தைக் காலை ஆகாரத்துக்கும் பொருத்திக் காட்டவே இம்மேடையில் நிற்கிறேன்.

விடியற்கால ஷிப்டுக்குப் புறப்படுவோரும், பள்ளிக்கு ஓடும் சிறுவரும் நிறைந்தது நம் காலனி. அந்த அவசரத்தில் கார்ன் பிளேக்ஸ் முதலிய பெட்டித் தானியங்கள் பல இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. பாலை ஊற்றினால் ஆகாரம் தயார். தாய்மார்களின் சிரமம் குறைவதை நான் குறை கூறேன். ஆனால், மலச்சிக்கலும் சர்க்கரை வியாதியும் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்ட இந்நாளில், வாங்கும் பெட்டிக்குள் தானியத்தின் எப்பகுதி இருக்கிறது என்று கேட்பது நம் கடமை.

உமி நீங்கிய தானியத்தின்மேல் தவிடு என்னும் மெல்லிய போர்வை உண்டு. நார்ச்சத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நம் குடலுக்கு அதைச் செரிக்கும் ஆற்றல் இல்லை; செரியாமையே அதன் பயன். அதில் ஒரு வகை, நீரை ஏற்று மலத்தை இளக்குகிறது. மற்றொரு வகை, பசைபோலாகிச் சர்க்கரை இரத்தத்தில் மெல்லக் கலக்குமாறு செய்கிறது. ஓட்ஸில் உள்ள அத்தகைய நார், இரத்தத்திலுள்ள கொழுப்பையும் ஓரளவு குறைக்கிறது. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை வைத்தியர், 1970-களில் இச்சத்தின் அருமையை உலகறியச் செய்தார். பத்து வயது நிரம்பியோர் நாளொன்றுக்கு 25 கிராமேனும் உட்கொள்ளவேண்டும் என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

இனி, நிறுத்துப் பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் நார்ச்சத்து 3 கிராமுக்கும் சற்றுக் குறைவே. சோளத்தில் 10 கிராம். முழுக் கோதுமை, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் 11 கிராம். தோல் நீக்கிய உளுந்தில் 12; தோலுடன் கூடிய கறுப்பு உளுந்திலோ 20!

சாதாரணக் கார்ன் பிளேக்ஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நார்தான். ஒரு கிண்ணத்துக்கு 30 கிராம் எடுத்தால் கிடைப்பது 1 கிராம். நாற்பது கிராம் ஓட்ஸ் கஞ்சியில் 4 கிராம். அறுபது கிராம் சோளமாவில் தட்டிய பாக்கிரியில் 6 கிராம். வேறுபாட்டைத் தாங்களே காணலாம்.

பெட்டி வாங்குவோர் முன்பக்கத்துச் சித்திரத்தை விடுத்துப் பக்கவாட்டைப் படியுங்கள். 100 கிராமில் 6 கிராமேனும் நார் இருந்தால்தான் ‘நார்ச்சத்து மிக்கது’ என்று சொல்லிக்கொள்ள நம் நாட்டின் 2018-ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. சேர்ந்துள்ள பொருள்கள் எடையின் இறங்குவரிசையிலேயே அச்சிடப்படும். முதற்பெயர் முழுத் தானியமாயிருக்கட்டும். இரண்டாம் பெயர் சர்க்கரையென்றால், அது மிட்டாய்க்கு உறவு என்றறிக.

நாம் வாழும் இந்தப் புசாவல் வட்டாரத்தில் மராட்டியச் சகோதரிகள் சோளத்தையும் உளுந்தையும் சேர்த்தரைத்துக் ‘களண்யாசி பாக்கிரி’ சுடுகிறார்கள். நம் இட்டிலியிலும் தானியத்தோடு சேர்வது அதே உளுந்துதானே! அரிசியில் பாதியைக் குறைத்துச் சோளத்தையும், வெள்ளை உளுந்துக்கு மாறாகக் கறுப்பு உளுந்தையும் ஊறவைத்து முதல்நாளே அரைத்து வைத்தால், விடியற்காலையில் தோசை வார்க்கச் சில நிமிஷமே பிடிக்கும். பெட்டித் தானியத்தின் விலைக்குச் சந்தையில் பன்மடங்கு சோளமும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: நாரைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். சிறுகச் சிறுகக் கூட்டி, நீரையும் நன்றாக அருந்துக. குடல் நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டே மாற்றுக.

சோளச்சோறும் கம்பங்கூழும் ஏழையின் ஆகாரமென்றும், பளபளக்கும் பெட்டியே கௌரவமென்றும் நம் குழந்தைகள் எண்ணி வளர்கின்றனர். அவ்வெண்ணத்தை மாற்றச் சொற்பொழிவு போதாது. பெற்றோரும் அதே தட்டில் அமர்ந்து உண்ணவேண்டும். நாளைக் காலையே அது தொடங்கட்டும்.