கட்டைக்குத்து மாடியில் பாத்ரூம் டைல்ஸ்: முதல்ல கீழே நின்னு மேலே பாருங்க

நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கறேன். தெற்கு மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. கீழே கடைக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க, குடும்பம் மாடியில். அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு. பாத்ரூம் கீழே கொல்லைப்பக்கம். ராத்திரி செங்குத்தான படியில் இறங்க முடியல. மாடியிலேயே அஞ்சடிக்கு ஆறடியில் பாத்ரூம் தடுத்து டைல்ஸ் ஒட்டிரலாமான்னு கேட்கறார். கொத்தனார் "தாராளமா ஒட்டலாம்"னு சொல்லிட்டாராம்.

அந்த மாடி கட்டைக்குத்து. இன்ஜினியர்கள் மெட்ராஸ் டெர்ரஸ்னு சொல்வாங்க. தேக்குச் சட்டங்களை ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையா வெச்சு, அதுக்கு மேல சின்னச் செங்கல்லைக் குத்தா, சாய்வா நிறுத்திச் சுண்ணாம்புல கட்டியிருப்பாங்க. அதுக்கும் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சு, பெண்கள் வரிசையா உட்கார்ந்து மரக்கட்டையால நாள்கணக்கில் தட்டுவாங்க. மேலே நின்னு பார்த்தா இது மரத்தரைன்னே தோணாது. சிக்கலே அங்கதான்.

மரத்தரையில் டைல்ஸ் ஒட்டுறதைக் காட்டுற வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய வருது. ப்ளைவுட், அதுக்கு மேல சிமெண்ட் போர்டு, அதுக்கு மேல டைல்ஸ். முறை சரிதான். ஆனா அங்க குளிக்கிற தொட்டி தனி, பாத்ரூம் தரை பெரும்பாலும் காஞ்சே கிடக்கும். நம்ம ஊர்ல வாளித் தண்ணியை மொண்டு தரையிலேயே ஊத்திக் குளிப்போம், துணி துவைப்போம். அதனால அந்த வீடியோவை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

சரி, கணக்குக்கு வருவோம். 30 சதுர அடின்னா ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர். ரெண்டு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டாலே சுமார் 280 கிலோ. டைல்ஸ் ஒரு 50, 60 கிலோ. இது தாங்கலாம். கொத்தனார்கள் வழக்கமா செய்யறது என்ன? குழாய் மறைய ஒரு அடி உயரத்துக்கு செங்கல் உடைசலைப் போட்டு நிரப்பறது. அது மட்டும் ஆயிரத்து நானூறு கிலோ கிட்ட வரும். மூலையில் 200 லிட்டர் டிரம் நிறைஞ்சா இன்னொரு 200. கீழே கடையில் உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல இதெல்லாம் நிக்குது.

சுமையை விட நான் பயப்படறது தண்ணிக்குத்தான். டைல்ஸ் ஒட்டினா தண்ணி இறங்காதுன்னு பலர் நினைக்கறாங்க. இடுக்கு வழியா இறங்கும். மரம் ஈரத்துல உப்பும், சித்திரை வெயில்ல சுருங்கும். டைல்ஸ் அப்படி அசையாது. அதனால முதல்ல இடுக்குதான் விடும். பழைய சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெதுவா வெளியே விட்டுரும். அதைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசினா, இறங்கின ஈரம் சட்டத்திலேயே தங்கும். சுவருக்குள்ள போற சட்ட நுனி முதல்ல மக்கும், அந்த வாசனைக்குக் கரையானும் வந்து சேரும். நடுவுல சட்டம் பளபளன்னு இருக்கும், நுனி மாவாயிருக்கும்.

அதனால முதல் வேலை மேலே இல்ல, கீழே. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு சட்டமும் சுவரைத் தொடற இடத்துல ஸ்குரூடிரைவரால குத்திப் பாருங்க. சுலபமா உள்ள போனா, டைல்ஸ் பேச்சையே நிறுத்திடுங்க. அப்புறம் சட்டத்தின் ரெண்டு முனைக்கும் நூல் பிடிச்சு நடுவுல எவ்வளவு தொங்குதுன்னு பாருங்க. பாரம் ஏறும்போது மரத்தரை வளையறது அதோட நீளத்துல 360-ல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்னு டைல்ஸ் வேலையில் ஒரு கணக்கு உண்டு. 12 அடிச் சட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். வீட்டுக்குப் பழகின ஆசாரியோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோ பார்த்துச் சொல்லணும். டைல்ஸ் கடைக்காரர் சொல்லக்கூடாது.

மரம் நல்லா இருந்து, அங்கேதான் போட்டாகணும்னா, ஒரு அடி நிரப்பல் கூடாது. குழாயைச் சுவரோரமா வெளியே விடுங்க. வாட்டர்ப்ரூஃப் பூச்சு தரையோட நிக்காம சுவர்ல ஒரு அடி ஏறணும், ஜாலியைச் சுத்தி ரெண்டு தடவை. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே ஒரு அங்குலம் தண்ணி கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே பாருங்க. அஞ்சடிக்கு முக்கால் அங்குலம் வாட்டம். பசை வளைஞ்சு கொடுக்கிற வகையா கேட்டு வாங்குங்க. வெறும் சிமெண்ட் பால் வேண்டாம். சொரசொரப்பு டைல்ஸ் போதும், அம்மா வழுக்கக்கூடாது.

இன்னொண்ணு. கீழே ஃபால்ஸ் சீலிங் போடாதீங்க. கடைக்காரர் அழகுக்குக் கேட்பார், விடாதீங்க. சட்டம் கண்ணுக்குத் தெரியணும். கறை வந்தா அன்னைக்கே தெரியணும்.

இந்த நேயருக்கு என் பதில் வேற. அவர் அனுப்பின படத்துல ரெண்டு சட்ட நுனி கறுத்திருக்கு. கொல்லைப்பக்கம் இடம் இருக்கு. அங்க அஸ்திவாரம் எடுத்து, தனித் தூண் நிறுத்தி, காங்கிரீட் சிலாப் போட்டு, மாடியிலிருந்து ஒரு வாசல் எடுத்தா மரத்துமேல ஒரு கிலோவும் ஏறாது. செலவு கூடத்தான் ஆகும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆரம்பிங்க. அதுவரைக்கும் அம்மா கட்டில் பக்கத்துல ஒரு கமோட் நாற்காலி வாங்கிப் போடுங்க, ராத்திரி அந்தப் படியில் இறங்க விடாதீங்க.