சடப்பொருளை அளத்தல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விஞ்ஞான விடயம் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார். பல்கலைக்கழக மாணவன் அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ பேசுவான் என்று அவர் எண்ணியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டதோ சிறு வகுப்புப் பாடம். திணிவு, நிறை, கனவளவு, அடர்த்தி என்னும் நான்கையும் நாம் எல்லோரும் படித்து, பரீட்சையிற் சித்தியெய்தி, மறந்துவிட்டோம். அவற்றை அரைகுறையாக அறிந்திருந்தமையால் நான் ஒருவருக்கு இழைத்த தவறு ஒன்றுண்டு. அதனாலேயே இவ்விடயத்தைத் தெரிந்தெடுத்தேன்.

இரும்பு பாரம், பஞ்சு பாரமில்லை என்கிறோம். ஆனால் ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும் தராசிற் சரிசமமாகவே நிற்கும். நாம் சொல்ல நினைப்பது, ஒரே அளவான இடத்துள் எவ்வளவு சடம் அடங்கியிருக்கிறது என்பதையே. அதுதான் அடர்த்தி. ஒரு கன சென்ரிமீற்றர் நீரின் திணிவு ஏறத்தாழ 1 கிராம். அதே கனவளவான இரும்பு 7.9 கிராம், பொன் 19.3 கிராம், தேங்காயெண்ணெயோ 0.92 கிராம்தான். ஒரு லீற்றர் எண்ணெயை ஒரு கிலோ என்று எண்ணிக் காசு கொடுப்பவர் 80 கிராமை இழக்கிறார் என்பதை இங்கு வந்திருக்கும் தாய்மார் கவனிப்பார்களாக.

திணிவு வேறு, நிறை வேறு. திணிவு பொருளில் உள்ள சடத்தின் அளவு. நிறை அப்பொருளைப் பூமி இழுக்கும் விசை. சந்திரனில் நிறை ஏறத்தாழ ஆறிலொன்றாகும்; திணிவு மாறாது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. துருவத்தில் விற்றராசில் தொங்கவிட்ட பொருளை மத்தியகோட்டுக்குக் கொண்டுவந்தால், அது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும். இருதட்டுத் தராசில் இந்த வேறுபாடு தெரியாது. படியும் பொருளும் ஒரே இழுப்புக்கு உட்பட்டவை அல்லவா?

இனி என் கதை. மிஷன் கல்லூரியொன்றிற் படித்த காலம். எனக்குப் பதினைந்து வயது. ஆய்வுகூடத்தில் ஒரு பால்மானி இருந்தது. அடியிற் பாரம் வைத்த கண்ணாடிக் குமிழ், மேலே அளவு குறித்த மெல்லிய தண்டு, அவ்வளவுதான். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நிறையுடைய திரவத்தை விலக்கும் என்பது ஆக்கிமிடீசின் தத்துவம். ஆகவே அடர்த்தி குறைந்த திரவத்திற் கருவி கூடுதலாக அமிழும். நல்ல பசுப்பால் 28 தொடக்கம் 32 வரை காட்டும். அதாவது அடர்த்தி 1.028 முதல் 1.032 வரை. 30 காட்டும் பாலிற் பத்திலொரு பங்கு நீர் சேர்ந்தால் 27 ஆகிவிடும்.

விடுமுறைக்கு அதை இரவல் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பால் தந்தவர் இரண்டு மாடு வைத்திருந்த ஒரு விதவைத் தாய். பால் தண்ணீராயிருக்கிறது என்று அப்பாச்சிக்கு நெடுநாட் சந்தேகம். அன்று காலை அவர் கறந்த சூட்டோடு கொண்டுவந்த பாலில், நுரையும் அடங்குமுன், கருவியை இட்டேன். 26 காட்டியது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அவர் முன்னிலையிலேயே சொன்னேன்.

"தம்பி, உந்தக் கண்ணாடிக்கு என்ரை மாட்டைத் தெரியுமே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே பாலை நிறுத்தினோம். செய்தி ஒழுங்கையிற் பரவ, இன்னும் இரண்டு வீட்டாரும் நிறுத்தினார்கள். எனக்கு அப்போது பெருமையாகவே இருந்தது.

பாடசாலை தொடங்கியதும் ஆசிரியரிடம் சொன்னேன். "பாலின் வெப்பநிலை என்ன?" என்றார். நான் பார்க்கவில்லை. அக்கருவி 15.5 பாகை சென்ரிகிரேட்டுக்கு அளவு குறிக்கப்பட்டது. கறந்த பாலோ ஏறத்தாழ 37 பாகை. சூடேறிய திரவம் விரியும், திணிவு மாறாமற் கனவளவு கூடும், அடர்த்தி குறையும். அந்தச் சூட்டுக்குச் சில அளவுகள் கூட்டவேண்டும். கூட்டினால் நல்ல பாலின் அளவே. இதற்கு மாறான ஏமாற்றும் உண்டு என்றார் ஆசிரியர். கொழுப்பு நீரிலும் இலேசானது. ஆடையை எடுத்தால் அளவு ஏறும், பின் நீர் சேர்த்தால் இறங்கும், கருவி நல்ல பால் என்றே சொல்லும். பொன்னிலும் இவ்வாறே. தங்குதன் என்னும் உலோகத்தின் அடர்த்தி 19.25, உள்ளே அதை மறைத்து வைத்தால் அடர்த்தியை அளந்து கண்டுபிடித்தல் அரிது.

உலகத்தின் மூலப்படிக்கே இப்படியொரு சந்தேகம் வந்தது. 1889 முதல் கிலோகிராம் என்றால், பாரிசுக்கு அருகே செவ்ரில் வைத்திருந்த பிளாற்றின-இரிடிய உருளையின் திணிவே. நூறாண்டளவிற் பின் அதனைப் பிரதிகளோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 50 மைக்கிரோகிராம் வித்தியாசம் கண்டார்கள். மாறியது மூலமா, பிரதியா என்று எவராலும் துணிய முடியவில்லை. 2019 மே 20 முதல் பிளாங்கின் மாறிலியைக் கொண்டே கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது.

அடுத்த விடுமுறையில் அப்பாச்சியும் நானும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். வெப்பநிலைக் கணக்கை நான் விளக்கத் தொடங்க, அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டிலில் ஒரு மாடுதான் நின்றது. மற்றதை விற்றுவிட்டாராம். இருப்பதன் பால் வேறொரு வீட்டுக்குப் போகிறதென்றும், எங்களுக்குத் தர மிச்சமில்லை என்றும் சொன்னார்.