அச்சுக்கு ஒரு காவல்

(திருவான்மியூரில் நடந்த நம் முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். பெரிய விஷயங்களைப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குமிழைப் பற்றி. அதன் பெயர் ஆக்சில் ஸ்லைடர். ஸ்போர்ட்ஸ் பைக்கின் சக்கர அச்சில், இரண்டு முனையிலும் மாட்டுவது. வண்டி சாய்ந்து விழுந்து சறுக்கும்போது, இது தரையில் உரசித் தானே தேய்ந்துகொண்டு ஃபோர்க்கின் அடிப்பாகத்தையும் பிரேக் காலிப்பரையும் காப்பாற்றும்.

"எங்க காலத்துல லெக் கார்டு இருந்துச்சே, அது போதாதா?" என்று மூத்தவர்கள் கேட்கலாம். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு அது போதும். ஸ்போர்ட்ஸ் பைக் வளைவில் நன்றாகச் சாயும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வளையம் அப்போது தரையில் இடித்தால் ஆளையே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற இடங்களில் இரும்பு வளையத்துக்குப் பதிலாக இந்தச் சின்னக் குமிழ். இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் பார்த்த அண்ணன்மார்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். வண்டி விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அக்கா மகன் நம் கல்லூரியில்தான் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஒன்றைப் பழையதாக வாங்கினான். "மாமா, ஸ்லைடர் போடணும், வாங்கினா விலை ஜாஸ்தி, நாமளே செய்யலாமா?" என்றான். இன்ஜினியரிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா!

முதல் கேள்வி, எந்தப் பொருளில் செய்வது? அலுமினியம் தார்ச்சாலையைக் கவ்விப் பிடிக்கும், சறுக்காது. நைலான் சல்லிசு. ஆனால் நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை உறிஞ்சி உப்பும். ஐப்பசி கார்த்திகையில் திருவான்மியூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டெல்ரின் 1 சதவீதம்கூட உறிஞ்சாது, வழுவழுப்பும் அதிகம். எனவே பாரிமுனையில் டெல்ரின் தடி வாங்கி, கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தோம். முகத்தை உருட்டலாக விட்டோம், கூர்விளிம்பு இருந்தால் சாலையில் மாட்டும். நீளத்தையும் குறைவாகவே வைத்தோம். அதிகம் துருத்தினால் அடி விழும்போது உள்ளே உள்ள கம்பி வளைந்துவிடும்.

மாட்டும் முறை எளிது. முன்னச்சு உள்ளே குழலாக இருக்க வேண்டும். இருந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மரையிட்ட எஃகுக் கம்பியை விட்டு, இரு பக்கமும் குமிழைக் கோத்து, நைலாக் நட் போட்டு முடுக்க வேண்டியதுதான். நட்டின் தலை குமிழுக்குள் பள்ளத்தில் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழும்போது முதலில் தேய்வது நட்டாகத்தான் இருக்கும். இன்னொன்று, அந்தக் கம்பி வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை. குமிழ் ஆடாமல் இருக்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். ஜோராக முடுக்கினால் மரை போகும். பின்சக்கரத்துக்கும் இதே முறைதான், ஆனால் செயின் இழுவை சரிசெய்ய ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும்.

பாருங்கள், இதில் அச்சைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. நான் கழற்றினேன். கடற்காற்றில் குழலுக்குள் துரு பிடித்திருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் தடவலாம் என்று அச்சை உருவினேன். திரும்பப் போட்டேன். டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ளபடி அச்சையும் முடுக்கினேன். பிறகு ஆசை தாங்கவில்லை, குமிழை மாட்டி அழகு பார்த்தோம். அக்கா காபி கொண்டுவந்தார். பையன் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய் வந்தான். வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்: "மாமா, பிரேக் பிடிச்சா முன்னாடி டக்குன்னு ஒரு சத்தம் வருது."

குனிந்து பார்த்தேன். ஃபோர்க்கின் அடியில் அச்சைக் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட் கையாலேயே சுற்றியது. அதை முடுக்க மறந்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலை. என் கை நடுங்கியதில் பத்து நிமிடம் ஆயிற்று. அக்காவிடம் அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

நண்பர்களே, விழுந்தால் வண்டியைக் காப்பாற்ற ஒன்றைச் செய்யப்போய், விழுவதற்கே வழி செய்து வைத்தேன். படிப்பில்லாமல் நடந்த தவறு அல்ல இது. நைலான் எத்தனை சதவீதம் உப்பும் என்று தெரிந்த ஆள் செய்தது. புதிதாகச் செய்ததன் மீதே கண் இருந்தது, பழையதைத் திரும்பப் பூட்டியதை யார் பார்த்தது? போதாததற்கு அந்தக் குமிழ் அச்சின் முனையையும் மறைத்துக்கொண்டு நின்றது.

இப்போது எங்கள் வீட்டில் 3 விதி. முதலாவது, குமிழ் கடைசியில்தான் ஏறும். அச்சும் பின்ச் போல்ட்டும் முடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, முடுக்கியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். என் வேலையை அவன் பார்ப்பான், அவன் வேலையை நான் பார்ப்பேன். மூன்றாவது, வண்டியைத் தொட்ட பிறகு முதல் ஓட்டம் நம் தெருவுக்குள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை அப்புறம்.

மாணவத் தம்பிகளுக்கு இன்னும் ஒன்று. ஸ்லைடர் காலிப்பரைக் காக்கும், உங்களைக் காக்காது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்த பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். பந்தயத் தடத்திலேயே அப்படி என்றால், மணலும் மாடும் எதிரே வரும் ஆட்டோவும் உள்ள நம் சாலையில் என்ன சொல்வது? கையில் காசு இருந்தால் முதலில் நல்ல ஹெல்மெட், அடுத்து கையுறை, நல்ல டயர். மிச்சம் இருந்தால் குமிழ்.

அக்கா மகன் இந்த அரங்கில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். வெளியே நிற்கும் அவன் வண்டியைப் போய்ப் பாருங்கள். குமிழில் ஒரு கீறல்கூட இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.