இனாமா, போனஸா?

(தலைநகரில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவரும் அவருடைய இணையரும் வேலைக்குச் செல்பவர்கள். இரண்டு வயதுக் குழந்தையைக் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை ஓர் அம்மையார் பார்த்துக்கொள்கிறார். மாத ஊதியம் 12,000 ரூபாய். "தீபாவளி வருகிறது. அக்கம்பக்கத்தில் ஒரு புடவையும் 500 ரூபாயும் கொடுக்கிறார்கள். நாம் எவ்வளவு கொடுப்பது நியாயம்?" என்றார். தயக்கத்துடன் கேட்டார். ஆனால் இது கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டிய கேள்வி. அவருடைய இசைவுடன் அதையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

என் விடை சுருக்கமானது: ஒரு மாத ஊதியம், அதற்குக் குறையக்கூடாது. காரணத்தை விளக்குகிறேன்.

போனஸ் என்பது முதலாளியின் மனம் குளிர்ந்து வருவதன்று. அது தள்ளிவைக்கப்பட்ட ஊதியம். இதை நாம் ஆலை வாயிலில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். 1918இல் அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வித்திட்டது, நிறுத்தப்பட்ட 'பிளேக் போனஸ்'தான். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று போனஸ். ரயில்வே தொழிலாளர் போனஸ் சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள் என்றே அன்றைய அரசு சொல்லிற்று. வேலை இழப்பையும் சிறையையும் கடந்து, 1979இல்தான் அந்த உரிமை அவர்களுக்குக் கிட்டியது.

"எங்கள் வீட்டில் ஏது லாபம்? லாபத்தில் பங்குதானே போனஸ்?" என்று தோழர் கேட்டார். 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டமே இதற்கு விடை தருகிறது. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தபட்ச போனஸ் கொடுத்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதியாக இருந்தது. தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அந்த அளவு பின்னர் 8.33 சதவீதமாயிற்று. 8.33 சதவீதம் என்பது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாத ஊதியம்.

அச்சட்டம் 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொதுவாகப் பொருந்தியது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் அதே எண்ணிக்கையைத்தான் வைத்திருக்கிறது. வீடு நிறுவனமாகாது, அங்கே பணிபுரிபவர் ஒருவர் அல்லது இருவர். ஆகவே சட்டம் அவரைக் காண்பதில்லை. ஆனால் சட்டம் காணாத இடத்தில் உழைப்பு இல்லாமற்போவதில்லை. அந்த அம்மையார் ஒரு வாரம் வராவிட்டால் தோழரின் வீட்டில் இருவரில் ஒருவர் வேலைக்குப் போக முடியாது. பெரும்பாலும் அந்த ஒருவர் பெண்ணாகவே இருப்பார்.

பிற நாடுகள் இதைச் சட்டமாக்கியுள்ளன. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு வீட்டுப் பணியாளருக்கும் பதின்மூன்றாம் மாத ஊதியத்தை உறுதிசெய்தது. பிலிப்பைன்ஸ் 2013இல் இயற்றிய வீட்டுப் பணியாளர் சட்டமும் அவ்வாறே செய்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011 ஜூன் மாதத்தில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இன்றுவரை அதனை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தொழிலாளர்களுக்கான சட்ட ஏற்பாட்டை ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. சட்டம் இன்னும் வரவில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

ஓராண்டு பணிபுரிந்தவருக்கு முழு மாத ஊதியம். ஏழு மாதமே ஆகியிருந்தால் பன்னிரண்டில் ஏழு பங்கு. 12,000 ரூபாய் ஊதியத்துக்கு அது 7,000 ரூபாய். பல வீடுகளில் பணிபுரிபவராயின் ஒவ்வொரு வீடும் தான் தரும் ஊதியத்துக்கு ஏற்பத் தர வேண்டும். புடவையும் இனிப்பும் அன்பின் அடையாளங்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. உடல்நலமின்றி வராத நாட்களுக்காகவோ, வாங்கிய முன்பணத்துக்காகவோ இதிலிருந்து பிடித்தம் செய்யக்கூடாது.

எந்தப் பண்டிகை என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த கிறித்தவப் பெண்ணுக்குக் கிறிஸ்துமஸும், வங்கத்திலிருந்து வந்த இஸ்லாமியப் பெண்ணுக்கு ஈத்தும் பண்டிகை. நம் நாட்காட்டியை அவர்மீது சுமத்த வேண்டாம். பணம் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னரே கையில் சேர வேண்டும். ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்க அப்போதுதான் உதவும்.

"நாங்களும் சம்பளக்காரர்கள்தானே, ஒரே மாதத்தில் இரட்டிப்பாகக் கொடுப்பது எப்படி?" என்பது நியாயமான கவலை. மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். ஆண்டு முடிவில் 12,000 ஆகிவிடும். உங்கள் அலுவலகத்தில் போனஸ் வரும் மாதத்தில், அதில் ஒரு பகுதி அவருடைய உழைப்பினால் வந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பின், அந்தத் தோழரிடம் நான் சொன்ன இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தில்லியில் திறன்சாராத் தொழிலாளிக்கு அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல். நாள்தோறும் பத்து மணி நேரம் ஒரு குழந்தையைக் காப்பவருக்கு 12,000. போனஸ் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "போனஸை இந்த மாதம் கொடுத்துவிடுகிறேன். ஊதியத்தைப் பற்றி அவருடன் உட்கார்ந்து பேசுகிறேன்" என்றார். அவர் அம்மையாரிடம் 'பேசுகிறேன்' என்று சொன்னதே எனக்கு முக்கியமாகப் பட்டது. முடிவை ஒரு தரப்பு மட்டுமே எடுக்கும்வரை அது இனாம்தான்.

தோழர்களே, தனி வீடுகளின் நல்லெண்ணம் சட்டத்துக்கும் சங்கத்துக்கும் மாற்றாகாது. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச் சட்டம், 189ஆவது உடன்படிக்கையின் ஏற்புறுதி, குறைந்தபட்ச ஊதியம், வார விடுமுறை ஆகியவற்றுக்காக அவர்களைச் சங்கமாகத் திரட்டுவது நம் கடமை. ஆனால் சங்கத்தில் சேருங்கள் என்று அவர்களை அழைக்கும் நம்மை, அவர்கள் முதலில் நம் வீட்டு வாயிலில் வைத்தே எடைபோடுவார்கள். ஆலை வாயிலில் உரிமை என்று முழங்கியதை வீட்டு வாயிலில் இனாம் என்று அழைத்தால், நம் சொல்லை யார் நம்புவார்கள்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் பணியாளர் உள்ள தோழர்கள் இதுபற்றித் தாம் எடுத்த முடிவையும் கொண்டுவாருங்கள்.