புகையை விட்டபின் பெருகும் பசி



செகந்தராபாத்துக்குக் கிழக்கே லாலாகுடா என்றோர் இடம் உண்டு. நிஜாம் இராச்சியத்து ரயில்வேக்காக 1893ஆம் ஆண்டில் அங்கே வண்டிப் பட்டறை அமைந்தது. பட்டறையைச் சுற்றிக் குடியிருப்பும், குடியிருப்பைச் சுற்றிக் கடைத்தெருவும் வளர்ந்தன. ரயில்வே வேலையை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேயே வேரூன்றிவிட்டன. அவர்கள் பேச்சில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகக் கலந்துவிட்டன. சமையலறையில் மட்டும் சாம்பாரும் ரசமும் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அத்தகைய வீடு ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

அவ்வீட்டுத் தலைவர் பட்டறையில் ஃபிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் புகைத்தவர். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். மனிதரும் உறுதியாக விட்டுவிட்டார். இரண்டு மாதம் சென்றது. இருமல் குறைந்தது, மனைவி முகம் மலர்ந்தது, வீட்டில் துணிமணிகளில் வீசிய நாற்றம் அகன்றது. ஆனால் ஒருநாள் காலையில் கால்சட்டையின் பொத்தான் துளைக்கு எட்டவில்லை. எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருக்கிறது. பட்டறையில் நண்பர்கள், “என்ன அண்ணே, மாமியார் வீட்டு விருந்தா?” என்று கேலி செய்கிறார்கள். அன்று மாலை, வழக்கமான ஈரானி டீக்கடையின் வாயிலில் நின்றவாறு அவர் எண்ணுகிறார்: “இந்தத் தொப்பைக்கு அந்தச் சிகரெட்டே மேல். நாளுக்கு ஒன்றிரண்டு பிடித்தால் வயிறு அடங்குமே.”

அவர் கை சட்டைப்பைக்குச் செல்கின்ற அந்தக் கணத்தைக் குறித்தே நான் பேச விரும்புகிறேன். அரும்பாடுபட்டுப் புகையை விட்டவர்கள் மீண்டும் அதனிடமே சரணடைவதற்குச் சொல்லும் காரணங்களுள் இந்த எடைக் கவலையும் ஒன்று. ஆண்களைப் போலவே பெண்களும் இதனைச் சொல்வதுண்டு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். புகையை விட்டால் பசி பெருகும், எடை கூடும் என்பது வெறும் அச்சம் அன்று, உண்மையே. புகையிலையில் உள்ள நிகோட்டின் உடலின் எரிசக்திச் செலவைச் சற்றே முடுக்கிவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் புகைப்பவருடைய உடல், புகையின் காரணமாக மட்டும் ஏறக்குறைய 200 கலோரி கூடுதலாகச் செலவிடுகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். அதே நிகோட்டின் மூளையின் ஒரு பகுதியில், ‘போதும், உண்டாயிற்று’ என்று அறிவிக்கும் நரம்பணுக்களையும் தூண்டிவிடுகிறது. இச்செயல்முறை 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வினால் தெளிவாயிற்று. ஆகவே புகை நின்றவுடன் செலவு குறைகிறது, பசியோ கூடுகிறது. போதாக்குறைக்கு, புகையால் மழுங்கிக் கிடந்த நாவும் மூக்கும் விழித்துக்கொள்கின்றன. பல ஆண்டுகளாக உப்புச் சப்பில்லாமல் தோன்றிய வீட்டுச் சமையல் திடீரென்று அமிர்தமாகிவிடுகிறது. இல்லத்தரசியின் கைப்பக்குவத்துக்கு இதைவிட நற்சான்று வேறு வேண்டியதில்லை. ஆனால் இலையில் சோறு மட்டும் இரட்டிப்பாகிறது.

சிகரெட் வணிகர்கள் இதனை நமக்கு வெகு முன்னரே அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டை ஒட்டி, இனிப்புக்குக் கை நீட்டாமல் எங்கள் சிகரெட்டுக்குக் கை நீட்டுங்கள் என்னும் பொருள்பட, பெண்களை நோக்கி ‘லக்கி ஸ்டிரைக்’ விளம்பரங்கள் வெளிவந்தன. மிட்டாய் உற்பத்தியாளர்கள் வெகுண்டெழுந்தார்கள். புகைத்தால் மெலியலாம் என்னும் நினைப்பு உலகில் பரவியதற்கு அவ்விளம்பரமும் ஒரு காரணம்.

சரி, எவ்வளவு எடை கூடும்? பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2012ஆம் ஆண்டு ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மருந்துத் துணையின்றிப் புகையை விட்டவர்களுக்கு முதல் மாத முடிவில் சராசரியாக 1.1 கிலோவும், மூன்று மாத முடிவில் 2.9 கிலோவும், ஓராண்டு முடிவில் 4.7 கிலோவும் கூடியிருந்தன. பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சராசரி என்பது எல்லோருக்கும் பொருந்தும் விதியும் அன்று. ஓராண்டு முடிவில் நூற்றுக்குப் பதினாறு பேர் முன்னிலும் எடை குறைந்தே இருந்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. நம் ஃபிட்டருடைய மூன்று கிலோவில் விந்தை ஏதுமில்லை.

இனி அந்த மூன்று கிலோவைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மற்றொரு தட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் 1951ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பது ஆண்டுகள், மருத்துவர்களையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, அவர்களுள் புகைப்பவர் யார், விட்டவர் யார், யார் எப்பொழுது இறந்தார் என்று கணக்கெடுத்தார்கள். 2004ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: அறுபது வயதில் புகையை விட்டவருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டும், ஐம்பதில் விட்டவருக்கு ஆறு ஆண்டும், நாற்பதில் விட்டவருக்கு ஒன்பது ஆண்டும் ஆயுள் மிச்சமாகிறது. அப்படியானால் நம் ஃபிட்டர் மூன்று கிலோவைக் கொடுத்து ஆறு ஆண்டுகளை வாங்கியிருக்கிறார். எடை கூடியவர்களுக்கும் இந்த ஆதாயம் உண்டா என்று ஐயுறலாம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள் இதனையும் சோதித்துப் பார்த்தன. எடை கூடியவர்களுங்கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள்.

ஆயினும் எடையை அடியோடு புறக்கணித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மவர்களுக்கு அது ஆகாது. இந்தியரின் உடல்வாகு கொழுப்பை வயிற்றிலே சேர்க்கும் இயல்புடையது. நீரிழிவும் நம்மை எளிதில் பற்றுகிறது. ஆகையால்தான் நம் மருத்துவர்கள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். மேற்சொன்ன அமெரிக்க ஆய்வுகளுள் 2018ஆம் ஆண்டில் வெளியான ஒன்று, புகையை விட்டபின் எடை கூடியவர்களிடம் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு சில ஆண்டுகள் உயர்ந்து பின்னர்த் தணிந்ததையும், எடை கூடாதவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை என்பதையும் காட்டியது. ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ கொள்பவர்கள், புகையை விட்ட தொடக்க வாரங்களில் மருத்துவரிடம் சொல்லி இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? பட்டினி கிடப்பதன்று. புகையை விட்ட முதல் வாரத்திலேயே கடும் பத்தியத்தையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்வது பலருக்கு ஒத்துவருவதில்லை. வெறும் வயிறு புகை வேட்கையைத் தூண்டும். இரண்டு போர்களையும் ஒரே நாளில் தொடங்கியவன் இரண்டிலும் தோற்கக்கூடும். மூன்று வேளையும் நேரந்தவறாமல் உண்பதே முதற்காரியம்.

லாலாகுடாவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அதுவும் நம்மைப்போல் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான்! ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918ஆம் ஆண்டில் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம், 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி வேண்டுவோருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று வகுக்கிறது. சமைக்காத பொருளின் எடை இது. நம் வீடுகளிலோ கணக்குத் தலைகீழ். சோறு மலைபோல் இருக்கும். பொரியல் இலையின் ஓரத்தில் திலகம் இட்டதுபோல் இருக்கும். அந்தத் திலகத்தைப் பெரிதாக்கி மலையைச் சிறிதாக்கினாலே புதிதாக வந்த பசிக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தெலங்கானாவிலே வாழ்கின்ற நமக்கு அண்டை வீட்டார் சமையலும் துணை செய்யும். பசலைக்கீரை இட்ட பப்பும் ஒரு சோள ரொட்டியும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும். வெள்ளைச் சோறு அவ்வளவு நேரம் தாங்குவதில்லை.

வேளைக்கு நடுவே எழும் பசி வேறுவகை. புகைவேட்கை அலைபோல் எழுந்து, சில நிமிடங்களில் தானாகவே தணிவது. அந்நிமிடங்களில் கையும் வாயும் எதையேனும் தேடுகின்றன. அதனையே பசியென்று மயங்கி மிக்ஸர்ப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். நூறு கிராம் மிக்ஸரில் 500 கலோரிக்கு மேல் உண்டு. அதற்கு மாறாக ஒரு டம்ளர் நீர்மோர், நாலு துண்டு வெள்ளரி, ஒரு கொய்யா, வாயில் ஒதுக்க ஓர் ஏலக்காய் அல்லது கிராம்பு இருந்தால் அலை கடந்துவிடும். ஆனால் ஒன்று: தெருமுனை தோறும் பான் கடை உள்ள ஊர் ஹைதராபாத். சிகரெட்டுக்கு மாற்றாகப் பாக்கையோ ஜர்தாவையோ வாயில் இட்டுக்கொள்வது ஒரு பாம்பை விட்டு மற்றொரு பாம்பைப் பிடித்த கதை. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்பு தீர்ப்பளித்துவிட்டது.

காப்பியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தமிழரிடம் பேசுகிறேன் அல்லவா? புகையில் உள்ள சில பொருள்கள் ஈரலைத் தூண்டிக் காஃபீனை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன. புகை நின்றால் அந்த விரைவும் நின்றுவிடும். முன்போல் அதே நாலு டம்ளர் காப்பி குடித்தாலும், குருதியில் தங்கும் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்காகிறது. படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் தலைதூக்கும். ‘புகையை விட்டதன் கொடுமை’ என்று மனிதர் அலறுவார். பாதிக் குற்றவாளி காப்பி டம்ளராக இருக்கும். ஆதலால் காப்பியைப் பாதியாக்குவது நன்று. சர்க்கரையும் உடன் குறையும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி. நாளொன்றுக்கு நாலு டம்ளரில் இரண்டிரண்டு கரண்டி என்றால் 160 கலோரி. நிகோட்டின் எரித்துத் தந்த 200 கலோரிக்கு இது மிக அருகில் வருவதைப் பாருங்கள். ஈரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் சிகரெட்டோடு பிணைந்த கூட்டாளிகள். முதல் இரண்டு மாதம் அந்தக் கடையிருக்கும் தெரு வழியே போகாதிருப்பதே உசிதம்.

எஞ்சியதை நடை பார்த்துக்கொள்ளும். அரைமணி விறுவிறுப்பாக நடந்தால் சாதாரண உடற்கட்டு உள்ளவருக்கு 120 முதல் 150 கலோரி செலவாகும். மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறாமல், அடுத்த நிலையமான தார்நாகா வரை நடக்கலாம். விடியற்காலையில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்து மரநிழலில் நடப்போர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். நடக்கும்போது புகைவேட்கையும் தணிகிறது என்பது ஆய்வில் கண்டது. ஓய்வு பெறும் ஆண்டிலே புகையை விடுபவர்கள் இதனைக் கட்டாயம் கருதவேண்டும். பட்டறையில் நாள் முழுதும் இரும்போடு மல்லாடிய உடல் நாற்காலியில் அமரும்போது, செலவு இருவகையிலும் குறைந்துவிடுகிறது.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ‘பாவம், பழக்கத்தை விட்டுத் தவிக்கிறாரே’ என்று இரங்கி, மாலைதோறும் பஜ்ஜியும் அதிரசமும் செய்து நீட்டவேண்டாம். அதற்கு மாறாகச் சுண்டல் செய்யலாம். அவர் முதல் மாதத்தில் காரணமின்றிச் சினந்தால் அதனைப் பொறுத்துக்கொள்வது அதிரசத்தினும் பெரிய உபகாரம்.

எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நாள்தோறும் பார்ப்பது மனத்தைக் கலக்கும். நிகோட்டின் பசை முதலிய மருந்துகளைப் பயன்படுத்தும் காலத்தில் எடை ஏறுவது மெதுவாகிறது. அவற்றை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளவேண்டும். கட்டணமின்றி ஆலோசனை பெற 1800-11-2356 என்னும் தேசியத் தொலைபேசி எண் உண்டு. சிகரெட் பெட்டியின் மீதே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது.

டீக்கடை வாயிலில் நிற்கும் நம் நண்பரிடம் வருவோம். கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டு, கடையைக் கடந்து அவர் தையற்காரரிடம் செல்லட்டும். கால்சட்டையின் உள்மடிப்பில் ஓரங்குலத் துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள். அதனைப் பிரித்து இடுப்பைச் சற்றே விரித்துக்கொள்ளலாம். நடையும் சுண்டலும் தம் வேலையைச் செய்தால், அடுத்த தீபாவளிக்கு மறுபடி பிடித்துத் தைக்கச் சொல்லலாம். கூலி இரண்டு முறை கொடுக்க நேரிடும்; சிகரெட்டுக்குச் செலவிடாத காசில் அது தாராளமாக அடங்கும்.