கட்சி நிறுத்தாத வேட்பாளர்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களுக்கும், கொழுந்துக் கூடை சுமந்தும், மலைக்காய்கறி பயிரிட்டும், ஊட்டியிலும் குன்னூரிலும் கடை நடத்தியும் அவர்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் வாழ்த்துகள்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆளுங்கட்சி அதிகாரபூர்வமாக நிறுத்திய வேட்பாளரைச் சுயேச்சையாக நின்று தோற்கடித்தவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் வராககிரி வேங்கட கிரி. எங்கும் வழங்கிய பெயர் வி.வி. கிரி. 1894 ஆகஸ்ட் 10 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று ஒடிசாவில் இருக்கிறது. பெர்ஹாம்பூர்க்காரருக்கும் இந்த நீலகிரிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இங்கே அமர்ந்திருக்கும் பலரின் குடும்ப வரலாற்றை அவருடைய வாழ்க்கை குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து போயிருக்கிறது.

கிரி சட்டம் படிக்கச் சென்றது லண்டனுக்கு அல்ல, டப்ளினுக்கு. 1913-ல் போனார். அயர்லாந்து விடுதலைக்காகக் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு, ஐரிஷ் புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்ற சந்தேகத்தில் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஊர் திரும்பி வழக்கறிஞர் ஆனார். பிறகு வழக்கறிஞர் தொழிலைவிட்டுத் தொழிற்சங்கத்துக்கு வந்தார். வங்காள-நாக்பூர் ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் 1928-ல் நடத்திய வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றவர் அவர்தான். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக 1926-லும் 1942-லும் இருமுறை இருந்தார்.

1937 தேர்தலில் நீதிக்கட்சியின் தலைவரும் சென்னை மாகாணத்தின் பிரதமருமான பொப்பிலி ராஜாவை அவருடைய பொப்பிலியிலேயே தோற்கடித்தார். ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் நலனும் தொழில்துறையும் கிரிக்குக் கிடைத்தன. நீலகிரி அந்த மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆக, இந்த மலையின் தொழிலாளர் விவகாரமும் அவருடைய மேசைக்குப் போன காலம் உண்டு. 1946-ல் பிரகாசம் அமைச்சரவையிலும் அதே துறை அவரிடமே வந்தது.

அடுத்து இலங்கை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் உயர் ஆணையராக 1947-ல் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். 1951 வரை அங்கே இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளுக்குள்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் தலையெழுத்து மாறியது. 1947 பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். மறு ஆண்டே, 1948-ன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் வாக்குரிமையும் பறிபோனது. தேயிலைச் செடிக்குத் தங்கள் முதுகெலும்பையே கொடுத்த மக்கள் ஒரு வாக்குச் சீட்டுக்குக்கூடத் தகுதியற்றவர்கள் என்றானார்கள். தொழிற்சங்கவாதியான உயர் ஆணையர் கொழும்பில் இருந்தும் அந்த அநீதி தடுக்கப்படவில்லை. தூதரின் மேசையில் சங்கத் தலைவரின் ஆயுதங்கள் இல்லை.

அதன் தொடர்ச்சியை இந்த மலை நன்றாக அறியும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அப்போது இந்தியாவின் குடியரசுத் தலைவர் கிரி. அந்த ஒப்பந்தங்களின்படி வந்தவர்களில் பலர் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தர 1968-ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பிறகு டேன்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. இந்த அரங்கில் பட்டம் வாங்கும் சிலரின் தாத்தா பாட்டி தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள்.

இந்தியா திரும்பிய கிரி 1952-ல் நாடாளுமன்றம் சென்று நேருவின் தொழிலாளர் நல அமைச்சர் ஆனார். அவருடைய கொள்கை அவர் பெயராலேயே அறியப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அரசு நடுவில் புகுந்து தீர்ப்பாயத்துக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கட்டாயத் தீர்ப்பு முறை சங்கங்களைச் சோம்பேறிகளாக்கும், வழக்கறிஞர்களை வளர்க்கும் என்று அவர் நம்பினார். அரசின் மற்ற அமைச்சர்களுக்கு இது ஒப்பவில்லை. வலுவற்ற சங்கங்கள் உள்ள இடத்தில் பேச்சுவார்த்தை என்பது முதலாளி சொல்வதைக் கேட்டுக்கொள்வதாகவே முடியும் என்ற மறுப்பும் இருந்தது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் சங்கம் வலுவாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை 1928-லேயே ரயில்வேயில் கண்ணால் கண்டவர் அவர்.

1951-ல் நிறைவேறிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது துறையின் அமைச்சர் கிரிதான். லைன் வீடு, மருத்துவ வசதி, குடிநீர், பெண்கள் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி என்று தோட்ட நிர்வாகத்தின் கடமைகளை எழுத்தில் வைத்த சட்டம் அது. அதற்கு முன்பு இவையெல்லாம் துரை மனம் வைத்தால் கிடைப்பவை. காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலைச்சரிவில் கொழுந்து பறிக்கப் போன ஒவ்வொரு தாயின் காலை நேரத்திலும் அந்தச் சட்டம் இருந்தது.

நடைமுறைக்கு வந்து ஐந்தாம் மாதம் அமைச்சர் பதவியில் அவர் இல்லை. வங்கி ஊழியர்களுக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய ஊதியத்தை அரசு குறைத்தது. தொழிலாளர் நல அமைச்சராக இருந்துகொண்டு அதற்கு உடன்பட முடியாது என்று 1954 ஆகஸ்டில் கிரி ராஜினாமா செய்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே வங்கிகள் அவர் முன்னால் வேறொரு கோப்பாக வந்தன.

உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று மாநிலங்களில் ஆளுநராக இருந்துவிட்டு, 1967-ல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலேயே மறைந்தார். கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். காங்கிரஸ் தலைமையோ ஜூலையில் பெங்களூரில் கூடி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. பிரதமர் இந்திரா காந்திக்கு அது பிடிக்கவில்லை. கிரி சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார்.

ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் இரண்டு பொறுப்புகளையும் துறந்தார். நாட்டின் தலைமைப் பொறுப்பு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இதயதுல்லாவிடம் போனது. தோற்றால் திரும்பிப் போக எந்தப் பதவியும் இல்லாத நிலையில் தன் 75-ஆம் வயதில் ஒருவர் களத்தில் இறங்கியது லேசான காரியம் இல்லை.

மொத்தம் 15 வேட்பாளர்கள். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார் இந்திரா காந்தி. கட்சியின் வேட்பாளருக்கு எதிராகப் பிரதமரே அப்படிச் சொன்னது காங்கிரசை அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டாகப் பிளந்தது. ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20 அன்று எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. யாரும் அதை எட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ண வேண்டியதாயிற்று. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேவையான அளவைவிட 1,908 மட்டுமே கூடுதல்.

இந்தச் சிறு இடைவெளியில் தமிழ்நாடு இருக்கிறது. அண்ணா மறைந்து ஆறு மாதமே ஆகியிருந்தது, முதலமைச்சர் கருணாநிதி. மக்களவையில் 25 உறுப்பினர்களையும் சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மையையும் வைத்திருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது. அந்த வாக்குகளைக் கழித்துவிட்டால் அவருக்கு வெற்றி இல்லை. கட்சி இல்லாத வேட்பாளர் கட்சிகளின் துணையோடுதான் வென்றார். அதை மறைக்காமல் சொல்வதுதான் அவருக்கும் மரியாதை.

தேர்தலை எதிர்த்து வழக்கு வந்தபோது, 1970-ல், பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவராகவே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் போய்ச் சாட்சி சொன்னார். வேறு எந்தக் குடியரசுத் தலைவரும் அதற்கு முன் அப்படிச் சாட்சி சொல்லப் போனதில்லை. வழக்கு தள்ளுபடியானது. வங்கி நாட்டுடைமைச் சட்டத்தை அதே ஆண்டு பிப்ரவரி 10 அன்று நீதிமன்றம் செல்லாது என்றதும், நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் அவர் கையெழுத்தோடு வந்தது.

பதவிக்குப் போன பிறகு அவர் எவ்வளவு சுதந்திரமாக இருந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவு பெருமையாக இல்லை. முன்னாள் சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்த 1970 செப்டம்பர் ஆணையில் கையெழுத்திட்டார். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1974 மே மாதம் இந்தியா முழுவதும் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். மூன்று வாரத்தில் போராட்டம் ஒடுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் மாளிகையில் அப்போது இருந்தவர் ரயில்வே சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியது குடியரசுத் தலைவரின் கடமை என்று அரசியல் சட்டத்தைக் காட்டி அவருக்காக வாதாடலாம். ஆனாலும் வங்கி ஊழியருக்காக 1954-ல் பதவியைத் துறந்த கிரியே இந்த உரையின் கிரி. நாட்டின் முதல் நாற்காலியில் இருந்தபோது இருந்ததைவிட, எளிதில் இழக்கக்கூடிய ஒரு அமைச்சர் பதவியில் இருந்தபோது அவர் உயரமாக நின்றார்.

அவருடைய மற்றொரு கவலை வேலைவாய்ப்பு. கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை தருவது எப்படி என்று குடியரசுத் தலைவராக இருந்தபோதே ஒரு நூல் எழுதினார். சிறுதொழில், கால்நடை, படித்த இளைஞர்களுக்கு நிலம் என்று யோசித்தார். அவற்றில் பல காகிதத்தோடு நின்றுவிட்டன.

1974 முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சைகளுக்கு வழி குறுகியது. முன்மொழிய 10 பேர், வழிமொழிய 10 பேர் என்று சட்டம் வந்தது. 1997-ல் அது ஐம்பதும் ஐம்பதும் ஆனது. 1967-ல் 17 பேர் போட்டியிட்டு அவர்களில் 9 பேர் ஒரு வாக்குகூடப் பெறாததைப் பார்த்தால் கட்டுப்பாட்டுக்குக் காரணம் புரிகிறது. இலங்கை அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். 2024 செப்டம்பர் தேர்தலில் அந்தத் தகுதியோடு நின்றவர்களில் மலையகத்தின் முன்னாள் உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜும் ஒருவர். வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களின் வழியில் வந்த ஒருவர், அதே நாட்டின் முதல் பதவிக்குத் தன் பெயரை வாக்குச் சீட்டில் அச்சிட வைத்தார்.

பட்டதாரிகளே, கிரியின் காலத்தில் நடைமுறைக்கு வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் இப்போது தனியாக இல்லை. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றி 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டுவிட்டது. லைன் வீடும் காப்பகமும் மருத்துவமும் புதிய விதிகளில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று உங்கள் தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை எடுத்துப் படியுங்கள். உங்கள் அம்மாவுக்கும் பக்கத்து லைன் அக்காவுக்கும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். நாள் கூலிக்கான அடுத்த பேச்சுவார்த்தையில், நிர்வாகம் வைக்கும் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவராகச் சங்கத்தின் பக்கம் போய் உட்காருங்கள்.