ஆய்வகக் கணினியில் பொதுக் கோப்புறை ஏன் வெறுமையாகிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் கணினிகள் உள்ள ஆய்வகத்தில் மாணவர்களின் கோப்புகளைச் சர்வரில் ஒரே பொதுக் கோப்புறையில் வைப்பது வழக்கம். சில நாள்களில் கணினியைப் போட்டதும் அந்தக் கோப்புறை வெறுமையாகக் கிடக்கும். "மிஸ், நேத்து செஞ்சதைக் காணோம்" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். பாடவேளையில் பாதி இதிலேயே போய்விடும்.

முதலில் காரணத்தைப் பிரித்தறிவோம். கணினி முழுதாக இயங்கிய பின், நிர்வாகி உரிமையுடன் 'மவுண்ட் -ஏ' என்ற கட்டளையைக் கொடுங்கள். கோப்புறை வரவில்லையென்றால் கேபிள், சர்வர் முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றைப் பாருங்கள். உடனே வந்துவிட்டால் அவை மூன்றும் சரி. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. நெட்வொர்க் தயாராகும் முன்பே கணினி சர்வரைத் தேடியிருக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்குள் வருமுன் வருகைப் பதிவு எடுத்தது போல! வைஃபை இணைப்பு ஒரு பயனருக்கு மட்டும் சேமிக்கப்பட்டிருந்தாலும் இப்படி ஆகும். அவர் உள்நுழைந்த பிறகுதானே நெட்வொர்க்கே வரும்? அதை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக்குங்கள்.

காணாமல்போன கோப்பு எங்கே? சர்வர் இணையாத நாளிலும் அந்தப் பெயரில் கணினியில் ஒரு வெற்றுக் கோப்புறை இருக்கும். எழுதும் உரிமை இருந்தால் மாணவர் செய்த வேலை அதில் பதிவாகிவிடும். மறுநாள் சர்வர் இணைந்ததும் அது அடியில் மறைந்துவிடும்; அழிவதில்லை. ஆகவே, மாணவர் அன்று அமர்ந்த அதே கணினியில் 'யூமவுண்ட்' கட்டளையால் இணைப்பை விலக்கிப் பாருங்கள். கோப்பு இருந்தால் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, மீண்டும் இணைத்துச் சர்வரில் சேருங்கள். மீட்ட பிறகே திருத்தத்தில் இறங்குங்கள்.

இணைப்பு விவரங்கள் 'ஈடிசி' கோப்புறையில் 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் இருக்கும். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு சர்வருக்குரிய வரியின் விருப்பங்களில் மூன்றைச் சேருங்கள்.

1. '_நெட்டெவ்': இது நெட்வொர்க் சார்ந்தது என்று கணினிக்குச் சொல்லும்.
2. 'நோஃபெயில்': சர்வர் கிடைக்காவிட்டாலும் கணினி காத்துக்கிடக்காமல் தொடங்கும்.
3. 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்': யாராவது கோப்புறையைத் திறக்கும் நொடியில்தான் இணைக்கும்.

மூன்றாவதே மிக முக்கியம். அப்போதும் சர்வர் கிடைக்காவிட்டால் பிழைச்செய்தி வரும்; கோப்பு வேறெங்கும் போய் ஒளியாது.

மறுதொடக்கம் செய்யுமுன் 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' கொடுத்தால் வரியமைப்பில் உள்ள பிழைகளைக் காட்டும். பிறகும் இணையாவிட்டால் 'ஜர்னல்சிடிஎல் -பி' காட்டும் பதிவுகளில் காரணம் இருக்கும். எஃப்எஸ்டேப் கோப்பை யாரும் படிக்கலாம் என்பதால் கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள். நிர்வாகி மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வையுங்கள்.

மாற்றிய வரியை ஆய்வகப் பதிவேட்டிலும் குறித்து வைப்போம். நாம் மாறுதலில் சென்றாலும் அடுத்து வரும் ஆசிரியருக்கு அது வழிகாட்டும். பிள்ளைகளின் உழைப்பும் பத்திரமாக இருக்கும்.